எரிஸ்கே தீவுக்குப் பாட்டுத் தேடிப் போனவர்: மார்ஜரி கெனடி-பிரேசரின் கதை

1905ஆம் ஆண்டு கோடைகாலத்தில், ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் அத்திலாந்திக் கடலில் கிடக்கும் எரிஸ்கே என்ற சின்னஞ்சிறு தீவுக்கு 47 வயதுப் பெண்ணொருவர் வந்திறங்கினார். அப்போது அந்தத் தீவுக்குப் படகில் மட்டுமே போகலாம். பக்கத்துத் தீவுடன் இணைக்கும் கடற்பாதை போடப்பட்டது 2001இல்தான். வந்தவர் கணவரை இழந்தவர். எடின்பரோ நகரில் பாட்டும் பியானோவும் சொல்லிக்கொடுத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். அந்தத் தீவில் வயதான பெண்கள் இன்னும் பழைய பாட்டுகளைப் பாடுகிறார்கள் என்று ஓவியர் ஜோன் டங்கன் சொன்னதைக் கேட்டுத்தான் அவர் புறப்பட்டு வந்திருந்தார்.

மார்ஜரி கெனடி-பிரேசர் என்ற பெயர் ஸ்கொட்லாந்தில் இன்றும் சண்டைக்குரிய பெயர். அழிந்துகொண்டிருந்த ஒரு மக்களின் பாட்டுகளைக் காப்பாற்றியவர் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பாட்டுகளின் உயிரை எடுத்துவிட்டு பட்டுத்துணி போர்த்திவிட்டவர் என்று வேறு சிலர் சொல்வார்கள். அவரது வாழ்க்கையைப் படித்து முடிக்கையில் இரண்டும் உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் பிறந்தது 1857 ஒக்டோபர் 1ஆம் திகதி, பேர்த் நகரில். தகப்பன் டேவிட் கெனடி வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலில் தொடங்கி, தேவாலயத்தில் சங்கீதங்களை முன்னின்று பாடுபவராகி, பின்னர் நாடறிந்த பாடகரானவர். றொபேட் பேர்ன்ஸின் பாடல்கள் உட்பட ஸ்கொட்லாந்தின் தாழ்நிலப் பாடல்களை மேடையில் பாடுவதும், நடுநடுவே கதை சொல்லிச் சிரிக்க வைப்பதும் அவரது பாணி. அவரைக் கேட்கக் கூடியவர்களில் பெருந்தொகையினர் ஊரைவிட்டுப் போனவர்கள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குடியேறிய ஸ்கொட்லாந்துக்காரருக்கு, அந்த மனிதர் ஒரு மாலைப்பொழுதுக்கு ஊரைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குத்தான் அவர்கள் காசு கொடுத்தார்கள்.

மார்ஜரிக்கு 12 வயதானபோதே தகப்பனுக்குப் பியானோ வாசிக்கத் தொடங்கிவிட்டார். 1872 முதல் 1876 வரை குடும்பம் முழுவதும் உலகத்தைச் சுற்றியது. பிள்ளைகள் எல்லோரும் பாடினார்கள். பின்னர் தென்னாபிரிக்கா, இந்தியா என்று பயணங்கள் தொடர்ந்தன. ஊரை இழந்தவர்கள் ஒரு பாட்டைக் கேட்கும்போது அவர்களுடைய முகத்தில் என்ன நடக்கும் என்பதை, பியானோவுக்குப் பின்னால் இருந்தபடி, மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த மேடையில் முக்கியமான ஒன்று குறைவாக இருந்தது. வெளியில் இருப்பவர்களுக்கு ஸ்கொட்லாந்து என்றால் ஒரே நாடு, ஒரே பண்பாடு. உள்ளே அப்படி இல்லை. தாழ்நிலத்தவர் பேசியது ஆங்கிலத்துக்கு உறவான ஸ்கொட்ஸ் மொழி. மலைநாட்டிலும் மேற்குத் தீவுகளிலும் பேசப்பட்டது கேலிக். அது அயர்லாந்து மொழிக்கு உடன்பிறப்பு, செல்டிக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. டேவிட் கெனடி உலகெங்கும் கொண்டுபோனது பெரும்பாலும் முதலாவது மொழியின் பாட்டுகளை. மார்ஜரி வளர்ந்ததும் கேலிக் தெரியாமலே. ஒரு நாட்டின் பாட்டுகளைப் பாடி உலகம் சுற்றிய குடும்பத்தின் பெண்ணுக்கு, அந்த நாட்டின் பழைய மொழியில் ஒரு வசனம் பேசத் தெரியாது.

அந்த மொழிக்கு அந்தக் கதி தானாக வரவில்லை. 1745 யூலையில் இளவரசர் சார்ள்ஸ் எட்வேட் ஸ்டுவர்ட் பிரித்தானிய முடியைக் கைப்பற்றவென்று வந்து முதலில் கால் வைத்த இடமே எரிஸ்கேதான். அடுத்த வருடம் ஏப்ரல் 16ஆம் திகதி கல்லோடன் வெளியில் அந்தக் கிளர்ச்சி முடித்துவைக்கப்பட்டது. அதன்பின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன, மலைநாட்டு உடையே 1782 வரை சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்தது. குலத்தலைவர்கள் படிப்படியாக நிலக்கிழார்களாக மாறினார்கள். மனிதரைவிட ஆடு அதிக வருமானம் தந்தது. கிராமங்கள் வெறுமையாக்கப்பட்டன. தென் யூயிஸ்ட், பாரா தீவுகளை வாங்கிய கேணல் ஜோன் கோர்டன் 1851ஆம் ஆண்டில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கப்பல்களில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பினார். நல்ல நிலத்திலிருந்து எழுப்பப்பட்டவர்களில் சிலர் போய் ஒதுங்கிய இடங்களில் ஒன்று எரிஸ்கே. பாறையும் மணலுமான அந்தத் தீவை ஆட்டுக்கும் ஆகாது என்று விட்டிருந்தார்கள். 1872இல் வந்த கல்விச் சட்டம் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, ஆனால் கேலிக் மொழிக்கு அதில் இடம் வைக்கவில்லை. வகுப்பில் தாய்மொழி பேசிய பிள்ளைக்கு அடி விழுந்த கதைகள் அந்தத் தீவுகளில் வீட்டுக்கு வீடு உண்டு.

மார்ஜரியின் வாழ்க்கையிலும் இழப்புகள் அடுக்காக வந்தன. 1881 மார்ச் 23ஆம் திகதி பிரான்சின் நீஸ் நகர அரங்கில் இசை நாடகம் தொடங்கியபோது எரிவாயு வெடித்துத் தீப்பிடித்தது. ஸ்கொட்லாந்துக் கதையொன்றை வைத்து இத்தாலியர் எழுதிய நாடகம் அது. பார்க்கப் போயிருந்த அவரது சகோதரர் ஜேம்ஸ், சகோதரிகள் கேற், லிசி ஆகிய மூவரும் திரும்பி வரவில்லை. ஒன்றாகப் பாடிய குடும்பம் அது, இப்போது மூன்று குரல்கள் இல்லை. 1886இல் தகப்பன் கனடாவில் பாட்டுப் பயணத்தின் நடுவிலேயே இறந்துபோனார். அடுத்த வருடம் அலெக் யூல் பிரேசரை மார்ஜரி மணந்தார். எடின்பரோ கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவர் பாடசாலை அதிபராகவும் இருந்தவர். 1890இல் அவரும் போய்விட்டார். 33 வயதில் மார்ஜரியின் கையில் இரண்டு குழந்தைகள், டேவிட்டும் பத்தூபாவும்.

பாட்டுத்தான் தொழில். மிலானிலும் பாரிசிலும் குரல் பயிற்சி பெற்றிருந்தார். எடின்பரோவில் மாணவர்களைச் சேர்த்தார், விரிவுரை செய்தார், பத்திரிகைக்கு இசை விமர்சனம் எழுதினார். பெண்களுக்குக் கதவைத் திறந்த எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இசை வகுப்புகளில் உட்கார்ந்தார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்களின் பக்கம் நின்றார்.

கேலிக் பக்கம் அவர் திரும்பியது இவை எல்லாவற்றுக்கும் இடையில். 1882இல், தீவிபத்து நடந்த மறுவருடம், கேலிக் கவிஞர் மேரி மக்கெல்லரிடம் மொழி படிக்கத் தொடங்கினார். அதே 1882இல்தான் ஸ்கை தீவின் பிரேஸ் பகுதியில், மேய்ச்சல் நிலம் கேட்ட குடியானவர்களைக் கைதுசெய்ய கிளாஸ்கோவிலிருந்து 50 பொலிஸார் அனுப்பப்பட்டார்கள். பெண்களும் ஆண்களும் கல்லாலும் தடியாலும் அவர்களை எதிர்கொண்டார்கள். நகரத்து அறையொன்றில் கேலிக் பாட்டுப் பாடமும், தீவில் கேலிக் பேசுபவர்களின் நிலப் போராட்டமும் ஒரே வருடத்தில். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அவரைப் பற்றிய சர்ச்சையின் வேர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஏறத்தாழ 20 வருடங்கள் அவர் அச்சிலிருந்த கேலிக் பாட்டுகளைத்தான் படித்தார், பாடினார், விரிவுரையில் எடுத்துக்காட்டினார். எரிஸ்கேயில் கால் வைத்தபோதுதான் அச்சில் ஏறாதவை எவ்வளவு என்பது தெரிந்தது. அங்கே பாட்டு என்பது மேடைக்குரிய பொருள் அல்ல. மாட்டில் பால் கறக்க ஒரு பாட்டு, துடுப்புப் போட ஒரு பாட்டு, பிள்ளையைத் தூங்கவைக்க ஒரு பாட்டு, செத்தவருக்கு ஒப்பாரி. எல்லாவற்றிலும் பலமானது கம்பளித்துணி அடிக்கும் பாட்டு. புதிதாய் நெய்த துணி இறுகவேண்டும் என்றால் அதை நாட்பட்ட சிறுநீரில் ஊறவைத்து, பலகையைச் சுற்றி உட்கார்ந்து, பெண்கள் கைமாற்றி கைமாற்றி அடிக்கவேண்டும். ஒருவர் அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் சேர்ந்து திருப்பிப் பாடுவார்கள். அடியின் தாளமே பாட்டின் தாளம். நூறு, இருநூறு வருடத்துக்கு முந்திய பெண்கள் கட்டிய வரிகள் அந்தப் பலகையைச் சுற்றித்தான் உயிரோடு இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அந்த நூலகத்தைக் காத்தவர்கள்.

தீவின் பங்குத்தந்தை அலன் மக்டொனல்டும் கவிஞர். மக்களின் கதைகளையும் பாட்டுகளையும் குறிப்பேடுகளில் எழுதிவந்தவர். 1905 ஒக்டோபரில், 46ஆவது வயதை எட்டுவதற்குள் அவர் இறந்துபோனார். மார்ஜரி ஒரு வருடம் பிந்தியிருந்தால் அவரைச் சந்தித்திருக்க முடியாது.

அதன்பின் ஏறக்குறைய ஒவ்வொரு கோடையும் தீவுப் பயணமாயிற்று. பாரா, யூயிஸ்ட், ஸ்கை, எய்க் என்று போனார். காதால் கேட்டு எழுதுவது போதாது என்று கண்டு போனோகிராப் கருவியை எடுத்துச் சென்றார். குழலுக்கு முன்னால் பாட, மெழுகு உருளையில் ஊசி குரலைக் கீறிவிடும். ஓர் உருளையில் சில நிமிடங்களுக்குத்தான் இடம். அந்தத் தீவுகளில் தங்கள் குரலைத் தாங்களே திரும்பக் கேட்டவர்களில் முதல் ஆட்கள் அந்தப் பெண்களாகத்தான் இருக்கவேண்டும்.

கேலிக் அவருக்குக் கடைசிவரை படித்த மொழியே, பிறந்த மொழி அல்ல. ஆகவே எய்க் தீவில் பிறந்த மதகுரு கென்னத் மக்லியோட்டைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். வரிகளைத் திருத்துவதும், இல்லாத இடத்தை நிரப்புவதும், ஆங்கிலத்தில் புனைவதும் பெருமளவில் அவர் வேலை. 1909இல் 'ஹெப்ரிடீஸ் பாடல்கள்' முதல் தொகுதி வெளிவந்தது. 1917லும் 1921லும் மற்ற இரண்டும். மகள் பத்தூபா கேலிக் யாழ் வாசித்துப் பாட, தாய் பியானோவில் அமர, இருவரும் ஊர் ஊராகப் போனார்கள். 'எரிஸ்கே காதல் பாட்டு' உலகெங்கும் பாடப்பட்டது. 1924இல் இசையமைப்பாளர் கிரான்வில் பன்ரொக் 'கடல்நாய்ப் பெண்' என்ற இசை நாடகத்தை பேர்மிங்காமில் அரங்கேற்றியபோது, அதற்குக் கதை எழுதியவரும், அதில் கிழவி வேடத்தில் பாடியவரும் மார்ஜரிதான். அதே வருடம் அரச விருதும் கிடைத்தது. முன்பு காட்டுமிராண்டி மொழி என்று ஒதுக்கப்பட்டதன் பாட்டை லண்டன் சீமாட்டிகள் வரவேற்பறையில் பாடினார்கள். இது சின்ன விடயம் அல்ல. தன் மொழியைப் பற்றி வெட்கப்படப் பழக்கப்பட்ட ஒரு பிள்ளைக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதை யோசிக்கவேண்டும்.

இனி மறுபக்கம்.

தீவில் அந்தப் பாட்டுகளுக்குப் பக்கவாத்தியம் இல்லை. தாளம் மூச்சுக்கும் சொல்லுக்கும் ஏற்ப நீளும், சுருங்கும். மார்ஜரி அவற்றுக்குப் பியானோ எழுதினார், பார்களுக்குள் அடைத்தார், சில இடங்களில் இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டி ஒரு பாட்டாக்கினார். மேடையில் பாடும் கலைப்பாடலாக்கவேண்டும் என்பது அவர் நோக்கம். அதை அவர் மறைக்கவும் இல்லை. பல பாட்டுகளுக்கு யாரிடம் கேட்டது என்ற குறிப்பையும் புத்தகத்தில் போட்டார். ஆனால் மேடையில் எஞ்சியது அவரது பெயரே. ஆங்கில வரிகளிலோ மூடுபனியும் கனவும் ஏக்கமும் கடல்தேவதைகளும் அளவுக்கு மிஞ்சின. பாட்டின் சொந்தக்காரிகள் கடன், பசி, கள்ளக்காதல், கொலை, பகை எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் பாடியவர்கள். அவர்களின் நேரடிப் பேச்சு அந்தப் பனிக்குள் மறைந்தது.

வேறொன்றும் உண்டு. 1908ஆம் ஆண்டு, மார்ஜரி குடியிருந்த அதே எடின்பரோவில், பாராவுக்குப் பக்கத்திலுள்ள வட்டர்சே தீவில் நிலத்தைப் பிடித்துக் குடிசை போட்டதற்காகப் பத்து ஆண்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். நிலத்தின் உரிமைக்காரி கேணல் கோர்டனின் மருமகள். முதல் தொகுதி வந்தது அடுத்த வருடம். மேடைகளில் புகழ் பெற்ற பாட்டுகளில் அந்தப் பத்துப் பேரின் தீவுகள் இருக்கின்றன, கடல் இருக்கிறது, அலை இருக்கிறது. நிலம் யாருடையது என்ற கேள்வி இல்லை.

அந்தக் கேள்வியைப் பாடியவர் இல்லாமல் போகவில்லை. ஸ்கை தீவின் மேரி மக்பேர்சன், 'பெரிய மேரி' என்று ஊரார் அழைத்த பெண், 1872இல் களவுக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையிருந்து, அந்த அவமானத்தில் பாட்டுக் கட்டத் தொடங்கியவர். நிலப் போராட்டக் கூட்டங்களில் பாடினார். எழுதத் தெரியாததால் அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதி 1891இல் புத்தகமாயிற்று. அவரது பாட்டு லண்டன் வரவேற்பறைக்குப் போகவில்லை. போயிருந்தால் அங்கே ரசித்திருக்கவும் மாட்டார்கள்.

1930களில் கவிஞர் சோர்லி மக்லீன், கேலிக் பேசும் குடும்பத்தில் பிறந்தவர், இந்தப் பனிமூட்ட ரசனையைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். துரத்தப்பட்ட ஒரு மக்களைக் கனவு காணும் மக்களாகக் காட்டினால், துரத்தியவர்களுக்கு வசதியாகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோபப்படுவதற்கும் பாட்டு மிஞ்சியிருக்கவேண்டும் அல்லவா? 1891இல் ஸ்கொட்லாந்தில் கேலிக் பேசத் தெரிந்தவர்கள் இரண்டரை லட்சம் பேர். 2011இல் 57 ஆயிரத்துச் சொச்சம். துணி அடிக்கும் பலகைகள் இயந்திரம் வந்தபின் மூலைக்குப் போயின. வேலை போனால் வேலைப்பாட்டும் போகும்.

மார்ஜரியின் பாட்டு எங்கெல்லாம் போய் விழுந்தது என்பதற்கு ஒரு கதை. முதல் உலகப் போர் முடிந்து சில வருடங்களில், மார்கரெட் பே ஷா என்ற அமெரிக்கச் சிறுமி ஸ்கொட்லாந்துப் பாடசாலையில் தங்கிப் படித்தாள். பெற்றோர் இல்லாத பிள்ளை. பாடசாலைக்கு வந்து மார்ஜரி நடத்திய கச்சேரியைக் கேட்டாள். பிடித்தது, ஆனால் இதற்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்று மூலமாக இருக்கவேண்டும் என்று அவளுக்குப் பட்டது. அதைத் தேடி 1929இல் தென் யூயிஸ்ட் போய், இரண்டு சகோதரிகளின் வீட்டில் ஆறு வருடம் இருந்து, பால் கறந்து, கரி வெட்டி, கேலிக் பேசப் பழகி, பாட்டுகளை அப்படியே எழுதினார். 1955இல் வந்த அவரது தொகுப்பில் பியானோ இல்லை. மெட்டும் கேலிக் வரிகளும், பாடியவர்களின் பெயர்களும் இருக்கின்றன. அவரும் கணவர் ஜோன் லோர்ன் கம்பெலும் சேர்த்தவை இன்று கனா தீவில் பாதுகாக்கப்படுகின்றன.

மார்ஜரி கெனடி-பிரேசர் 1930 நவம்பர் 22ஆம் திகதி எடின்பரோவில் காலமானார். 73 வயது. அவரது அஸ்தி, அரசர்களின் கல்லறைகள் உள்ளதாகச் சொல்லப்படும் ஐயோனா தீவின் பழைய இடுகாட்டில் வைக்கப்பட்டது. இறந்த அதே வருடத்தில் தன் தொகுப்புகளையும் மெழுகு உருளைகளையும் எடின்பரோ பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்திருந்தார். தான் எழுதிய பியானோ வடிவங்கள் பிழை என்று சொல்ல விரும்பும் எவருக்கும் தேவையான சான்று அந்த உருளைகளில்தான் இருந்தது. அதை அழிக்காமல் ஒப்படைத்தவரும் அவரே. உருளைகள் தேய்ந்துவிட்டன. இரைச்சலுக்குள் காதைக் கொடுத்துக் கேட்கவேண்டும். தீவுப் பெண்கள் பாடுகிறார்கள், பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல்.